ஐம்பது வயதில் மறதி நோய்: மறுவாழ்வுக்கு வழி உண்டா?



நாங்கள் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். குடும்பத்தாரின் அனுமதி பெற்றே எழுதுகிறோம். ஊரும் பெயரும் வேண்டாம்.

அவர் ஒன்பது ஆண்டுகள் பங்குப் பேரவையின் பொருளாளர். வயது 51. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கர். கணக்கில் ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்த ஆண்டுத் திருவிழாக் கணக்கில் தேர் அலங்காரச் செலவு இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. கொடியேற்றத்தன்று வந்த காணிக்கை எழுதப்படவே இல்லை. கேட்டபோது கோபப்பட்டார்; அதற்குமுன் அவர் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. பேரவைக் கூட்டத்தில் ஒருவர், "வீட்டில் பணமுடையோ என்னவோ" என்றார். இன்னொருவர், "சாயங்காலத்தில் வேறு பழக்கம் வந்திருக்கும்" என்றார். கணக்கு நோட்டையும் பீரோச் சாவியையும் வாங்கிக்கொண்டோம். மரியாதையாகத்தான் வாங்கினோம் என்று அப்போது நினைத்தோம். அடுத்த ஞாயிறு முதல் அவர் கோயிலுக்கு வரவில்லை. நாங்களும் தேடிப் போகவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்து அவருடைய மனைவி பங்கு இல்லத்துக்கு வந்தார். ஒரு மருத்துவ அறிக்கையை மேசைமேல் வைத்தார். "சாமி, அவர் காசும் எடுக்கல, குடிக்கவும் இல்ல. மூளையில வியாதியாம். இதைக் கோயில்ல வாசிக்க முடியாதுன்னு தெரியும். நீங்களாவது வாசிங்க" என்றார். அல்சைமர் நோய் என்று அதில் எழுதியிருந்தது.

அந்த அறிக்கையை வாசித்த பிறகுதான் இந்த நோயைப் பற்றி நாங்கள் படிக்கத் தொடங்கினோம். படித்ததையும், அந்தக் குடும்பத்தோடு நடந்து கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம். இந்நோய்க்கு என்ன மருந்து என்பது மருத்துவர்கள் பேச வேண்டிய விஷயம். நோய் வந்தபின் மீதமுள்ள வாழ்வை எப்படி வாழவைப்பது என்பதே நமது கேள்வி.

பெயரே மறைத்துவிடும் நோய்

தமிழில் நாம் இதை 'முதுமை மறதி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயரே நம்மை ஏமாற்றுகிறது. நாற்பத்தெட்டு வயதில் ஒருவர் தடுமாறினால் நமக்கு வேலைப்பளு நினைவுக்கு வருகிறது, கடன் வருகிறது, குடி வருகிறது, கணவன் மனைவி சண்டை வருகிறது. இந்த நோய் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் இந்நோயின் வரலாறு தொடங்கியதே ஒரு நடுவயதுப் பெண்ணிடம்தான். 1901-ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்பட்டார். அவருக்கு வயது 51. அவரைப் பார்த்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். 1906-இல் அவர் இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து அதே ஆண்டில் மருத்துவர் கூட்டமொன்றில் அல்சைமர் விளக்கினார். நீண்ட காலத்துக்கு இந்த நோய்ப் பெயரை 65 வயதுக்குட்பட்டவர்களுக்கே பயன்படுத்தினார்கள். முதியோருக்கும் அதே பெயரைச் சொல்லத் தொடங்கியது பின்னாளில்தான்.

65 வயதுக்கு முன் அறிகுறி தொடங்கினால் அதை இளவயது மறதி நோய் என்கிறார்கள். 2021-இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி 30 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் ஒரு இலட்சம் பேருக்கு 119 பேர் இந்நோயோடு வாழ்கிறார்கள். உலகம் முழுவதும் ஏறத்தாழ 39 இலட்சம் பேர். நெதர்லாந்து நாட்டில் நடந்த ஆய்வொன்றில், அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் இன்னதென்று தெரிய முதியோருக்குச் சராசரியாக 2.8 ஆண்டுகள் ஆயின. இளவயதினருக்கு 4.4 ஆண்டுகள். மருத்துவ வசதி மிகுந்த நாட்டிலேயே இந்த நிலை.

இளவயதில் வரும்போது மறதி முதல் அறிகுறியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் மூளை பார்வையைப் புரிந்துகொள்ளாது. படியில் கால் தவறும், எழுத்துகள் கலையும், கண்ணாடியை மூன்று முறை மாற்றியும் பயன் இருக்காது. ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட்டுக்கு 2007-இல், 59 வயதில், வந்தது இந்த வகைதான். தட்டச்சு செய்ய முடியாமல் போனபின் வாயால் சொல்லிச் சொல்லி நூல்களை எழுதினார். (தற்கொலைக்கு உதவுவதை ஆதரித்து அவர் பின்னாளில் பேசியதை நாம் ஏற்க முடியாது. ஆனால் கை நின்ற இடத்தில் நாவைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தது நாம் கற்க வேண்டியது.) வேறு சிலருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகப் போகும். இன்னும் சிலருக்கு நினைவு அப்படியே இருக்கும், குணம் மாறிவிடும்: கூச்சம் போகும், கெட்ட வார்த்தை வரும், கண்டதை வாங்குவார்கள், அழுகிறவர்களைப் பார்த்தும் மனம் இளகாது. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் பாதிக்கப்படுவதால் வருவது இது.

இந்தக் கடைசி வகையினரைத்தான் நம் மக்கள் பேய் பிடித்ததென்று செபக்கூட்டங்களுக்கு அழைத்துப் போகிறார்கள். வேளாங்கண்ணிக்கு அழைத்துப் போவதை நாம் ஒருபோதும் தடுக்க மாட்டோம். நாமே உடன் வந்து செபிப்போம். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்தச் செபக்கூட்டத்துக்கும் போகாதீர்கள் என்று பங்குத்தந்தையர் பெயராலேயே சொல்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மறதி நோய் போலத் தோன்றி, சிகிச்சையால் சீராகக்கூடியவையும் உண்டு: வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மூளைக்கு மேல் இரத்தம் கட்டுதல், மூளையில் நீர் சேர்தல், சில தொற்றுகள், கடுமையான மனச்சோர்வு. நீண்ட காலக் குடியால் வரும் மூளைப் பாதிப்பில், குடியை நிறுத்தி, தயமின் என்ற பி1 சத்தும் நல்ல உணவும் கொடுத்தால் கணிசமாகத் தேறுவோர் இருக்கிறார்கள். ஆகவே முதலில் இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் அவசியம். யாரும் வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

'ஒன்றும் செய்வதற்கில்லை'

நமது பொருளாளரின் வீட்டுக்கு மருத்துவர் சொல்லி அனுப்பியது இதுதான்: "குணமாக்க மருந்து இல்லை. வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." அவர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்கள், அது சரிதான். பிறகு ஏ.டி.எம். அட்டை, கைப்பேசி. அதன்பின் அடுப்பங்கரைப் பக்கம் போக வேண்டாம் என்றார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்தால், "உட்காருங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று மகன் ஓடி வந்தான். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டார். அன்பினால்தான் செய்தார்கள். ஆறு மாதத்தில் அவர் முன்வாசல் நாற்காலியை விட்டு எழுவதையே நிறுத்திவிட்டார். நோய் அவரிடமிருந்து எடுத்தது பாதி. நாம் எல்லாரும் சேர்ந்து எடுத்தது மீதி.

இதை உலகுக்கு உரக்கச் சொன்னவர் ஆஸ்திரேலியாவின் கேட் ஸ்வாஃபர். முன்பு செவிலியராக இருந்தவர். 2008-இல் ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே அவருக்கு மறதி நோய் என்று தெரிந்தது. வேலையை விடு, படிப்பை விடு, இருக்கிற நாளைக் கழி என்று மருத்துவத் துறையினர் அவருக்கு அறிவுரை சொன்னார்கள். மருந்துச் சீட்டில் மருந்து எழுதுவதுபோல வாழ்விலிருந்து விலகலை எழுதிக் கொடுக்கிறார்கள் என்று அவர் அதற்கு ஒரு பெயரே வைத்தார். பிறகு அவர் படித்த பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பிரிவு அவரிடம் வேறு விதமாகப் பேசியது: இதை ஓர் இயலாமையாக எடுத்துக்கொள்வோம், இதோடு எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். படிப்பைத் தொடர்ந்தார், முடித்தார். 2014-இல் இந்நோயோடு வாழ்பவர்களே நடத்தும் உலகளாவிய அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பக்கவாதம் வந்தவருக்கு உடனே நடைப்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தொடங்குகிறோமே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர் ஓயாமல் கேட்கும் கேள்வி.

நியாயமான கேள்விதான். 'மறுவாழ்வு' என்ற சொல்லே நம் ஊரில் குறுகிவிட்டது. மறுவாழ்வு மையம் என்றால் குடிப்பழக்கத்தை விடவைக்கும் இடம் என்றுதான் எல்லாரும் எண்ணுகிறோம். அதன் முழுப்பொருளை அறிய வெளிநாடு போக வேண்டியதில்லை, வேலூருக்குப் போனால் போதும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலி அவரது முதுகுத்தண்டைக் குணமாக்கவில்லை. ஆனால் அவர் மருத்துவராகவே இருந்தார். மறுவாழ்வு என்பது இவ்வளவுதான்: நோய் போகாவிட்டாலும், அந்த மனிதருக்கு முக்கியமான வேலையை அவர் செய்ய வழி தேடுவது. மறதி நோயில் சக்கர நாற்காலிக்குப் பதில் நாட்காட்டி இருக்கும், அலாரம் இருக்கும், அலமாரிக் கதவில் ஒட்டிய படம் இருக்கும், பக்கத்தில் பொறுமையான ஓர் ஆள் இருப்பார்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட மறுவாழ்வுச் சிகிச்சைத் தொகுப்பில் 20 நோய்நிலைகள் உள்ளன. அவற்றில் மறதி நோயும் ஒன்று. 2025-ஆம் ஆண்டின் உலக அல்சைமர் அறிக்கை முழுக்க முழுக்க மறுவாழ்வைப் பற்றியே எழுதப்பட்டது. நமது ஊர் மருத்துவர்கள் பலர் இன்னும் 'ஒன்றும் செய்வதற்கில்லை' என்பதிலேயே நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைக்காத கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

என்ன வேண்டும் என்று கேட்டவர்கள்

எரிகோ நகர வழியோரத்தில் பர்த்திமேயு கத்திக் கூப்பிட்ட நிகழ்ச்சி நமக்கு மனப்பாடம் (மாற் 10:46-52). அவருக்குப் பார்வை இல்லை என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் உமக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபின்புதான் செய்தார். பல ஆண்டு இந்தப் பகுதிக்கு மறையுரை ஆற்றியிருக்கிறோம். அந்தக் கேள்வியின் அருமை எங்களுக்கு ஒரு மருத்துவமனை அறையில்தான் விளங்கியது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரையும் அவர் மனைவியையும் அழைத்துப் போனோம். அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் நிபுணர் அவர்; இளம் பெண். நாற்காலியை மனைவி பக்கம் திருப்பாமல் அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, வீட்டில் எந்த வேலையை நீங்களே செய்யணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேட்டார். ஒன்றரை ஆண்டில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். மனைவி பதில் சொல்ல வாயெடுத்தபோது அந்தப் பெண் கையமர்த்தினார். பிறகு அவர் சொன்னார்: "இவ வேலைக்குப் போறா. காலையில நான்தான் காப்பி போட்டுக் கொடுப்பேன்." அந்த வீட்டில் இருபது ஆண்டுகளாகக் காலைக் காப்பி அவர் கையால்தானாம். எங்களுக்கு அது தெரியாது.

மறதி நோயின் தொடக்க நிலையில் மறுவாழ்வுப் பயிற்சி இப்படி நோயாளியின் விருப்பத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் பேராசிரியர் லிண்டா கிளேர். அவர் தலைமையில் அங்கு 475 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2019-இல் வெளியானது. மூன்று மாதத்தில் பத்து முறை, அதன்பின் ஆறு மாதத்தில் நான்கு முறை பயிற்சியாளர் வீட்டுக்கே வந்தார். எந்த வேலைகளைத் தேர்ந்தெடுத்தார்களோ அந்த வேலைகளில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. ஒன்பதாம் மாதத்திலும் அது நிலைத்தது. நினைவாற்றல் சோதனைகளில் மாற்றம் ஏற்படவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சி மூளையைத் திருப்பித் தராது, காப்பியைத் திருப்பித் தரும்.

எப்படித் தந்தது என்று சொல்கிறோம். அந்தப் பெண் காப்பி போடுவதை ஒன்பது சிறு வேலைகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் அவர் வீட்டு அடுப்பங்கரையிலேயே கைப்பேசியில் படம் எடுத்து, வரிசையாக மேடைக்கு மேல் ஒட்டச் சொன்னார். எரிவாயு அடுப்புக்குப் பதில், தானே அணைந்துவிடும் இண்டக்ஷன் அடுப்பு. காப்பித்தூளும் சர்க்கரையும் கண்ணாடிப் பாட்டிலில், எப்போதும் ஒரே தட்டில். மற்றதெல்லாம் அங்கிருந்து அகற்றப்பட்டன. தினமும் அதே நேரம், அதே பாத்திரம்.

பயிற்சியில் ஒரு விதி மிக முக்கியம்: தவறு செய்யவிட்டுத் திருத்தக் கூடாது. நாம் குழந்தைகளுக்கு, "தப்பு, இன்னொரு தரம் யோசி" என்போம். குழந்தைக்குத் தான் செய்தது தவறு என்பது நினைவிருக்கும், அடுத்த முறை திருத்திக்கொள்ளும். இந்த நோயில் தவறு என்று சொன்னது மறந்துவிடும். கை செய்த தவறு மட்டும் பழக்கமாகப் படிந்துவிடும். ஆகவே கை தவறான டப்பாவுக்குப் போகும்முன் சரியானதைக் காட்டிவிட வேண்டும். படிப்படியாகக் காட்டுவதைக் குறைக்க வேண்டும். இன்னொரு முறை, இடைவெளி விட்டுக் கேட்பது. "மாத்திரைப் பெட்டி எங்கே இருக்கு?" என்று கேட்டு, பதிலைச் சொல்லிக் கொடுத்து, அரை நிமிடம் கழித்துக் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, நான்கு, எட்டு. தவறினால் மறுபடியும் குறைந்த இடைவெளி. ஓரிரு முக்கியமான செய்திகளை இப்படிப் பதியவைக்க முடிகிறது.

ஏழாவது வாரம் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் மனைவி சொன்னார்: "சாமி, இன்னிக்கு நான் எழுந்திரிக்கும்போதே காப்பி வாசம் வந்துச்சு."

எல்லாருக்கும் காப்பிதான் என்பதில்லை. சொற்கள் போகும் வகையினருக்குப் பேச்சுப் பயிற்சியாளர், வீட்டில் அன்றாடம் வேண்டிய சொற்களைப் படங்களோடு பழக்குவார். விழுங்கும் சிரமத்தையும் அவரே கவனிப்பார். பார்வை குழம்புவோருக்குப் படி விளிம்பில் பளிச்சென்ற நிறப் பட்டை ஒட்டுவது, வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு வைக்காமல் நிறத்தட்டில் வைப்பது போன்ற எளிய மாற்றங்களே உதவும். குணம் மாறும் வகையில் நோயாளியை மாற்றுவதைவிடச் சூழலை மாற்றுவதே மேல்: ஒரே நேர அட்டவணை, கூட்டம் தவிர்த்தல், வங்கிக் கணக்கைப் பாதுகாத்தல். உடல் வலுவாக இருக்கும் வயது என்பதால் நடைக்கும் உடற்பயிற்சிக்கும் இவர்களிடம் முதியோரைவிட அதிக இடம் உண்டு. முதியோர் பகல் பராமரிப்பு மையத்தில் இவர்களைக் கொண்டுபோய் விட்டால் மனம் ஒட்டாமல் திரும்பி வந்துவிடுவதும் இதனால்தான். நெதர்லாந்தில் இளவயதினருக்கென்றே தனிப் பகல் மையங்கள் நடக்கின்றன. நம் நாட்டில் அப்படிப்பட்ட இடத்தைத் தேடி நாங்கள் களைத்துப்போனோம்.

வேலை, கடன், பிள்ளைகள்

எழுபது வயதில் நோய் வந்தால் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஐம்பதில் வந்தால் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பார்கள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். மனைவிக்கு வேலை இருந்தால் அதை விடுவதா, விடாமலிருப்பதா என்ற தவிப்பு. இந்த வேறுபாட்டை மருத்துவமனைகள் அதிகம் கேட்பதில்லை.

நமது பொருளாளர் நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே, அலுவலகத்தில் திட்டு வாங்க முடியாமல், ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். எத்தனை பேர் இப்படிக் கொடுத்திருப்பார்களோ தெரியாது. தயவுசெய்து மருத்துவரைப் பார்க்கும்முன் வேலையை விடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20, பணியில் இருக்கும்போது இயலாமைக்கு உள்ளாகும் அரசு ஊழியரை வேலைநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்கிறது. பழைய பணி முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி. அதுவும் இல்லாவிட்டால் ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். சட்டத்தின் 21 வகைகளில் மறதி நோய் தனிப் பெயராக இல்லை. ஆனால் மனநோய் என்ற தலைப்பும், நாட்பட்ட நரம்பியல் நோய் என்ற தலைப்பும் உள்ளன. மருத்துவக் குழுவே மதிப்பிட்டுச் சான்றளிக்கும். தனியார் ஊழியருக்கு இவ்வளவு உறுதியான பாதுகாப்பு இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், தெளிவு இருக்கும்போதே தனக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும் என்று எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் முடியும். வங்கிக் கணக்கு, உயில் போன்றவற்றையும் இந்தத் தெளிவு இருக்கும் காலத்திலேயே அவரோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல், மனநலப் பிரிவுகளை நாடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. ஆகியவை நாம் அறிந்தவை. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் சேவை செய்கிறது. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்குச் சென்னையிலும் கிளை உண்டு. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021) இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வருகிறார். மறதி நோய்க்கென்று அல்ல, ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம். பராமரிப்பவருக்கே மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம்.

பங்கு என்ன செய்யலாம்

முதலில் ஒன்றை நிறுத்தலாம். நோயாளியைப் பார்க்கப் போகும் நம் மக்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "என்னைத் தெரியுதா?" பாசத்தில் கேட்கிறார்கள். ஆனால் அது பரீட்சை. பதில் தெரியாமல் அவர் விழிக்கும்போது சுற்றி நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை அவருக்குப் புரியும். "நான் ஆரோக்கியம், உங்ககூட பாடகர் குழுவில் பாடினவன்" என்று நாமே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? தவறு செய்யவிடாத பயிற்சி என்று மேலே சொன்னோமே, அதை வாசலிலேயே தொடங்கலாம். நாங்களும் நற்கருணை கொண்டுபோகும்போது, "அவர் சாப்பிட்டாரா?" என்று அவர் தலைக்கு மேலே மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான்.

செபமாலை பற்றி ஒரு வார்த்தை. நேற்று நடந்தது மறக்கும். நாற்பது ஆண்டு கை செய்து பழகியது எளிதில் மறக்காது. இரண்டும் மூளையில் வெவ்வேறு வழியில் பதிகின்றன. அன்பியக் கூட்டத்தில் அவரிடம் ஒரு பத்துமணி செபத்தை முன்னின்று சொல்லக் கொடுத்தோம். எத்தனையாவது மணி என்று அவர் எண்ணவில்லை, விரல் எண்ணியது. மறைபொருளின் பெயரை மட்டும் பக்கத்தில் இருப்பவர் மெல்லச் சொல்வார். கோயிலில் அவருக்கு எப்போதும் ஒரே இடம், தூணோரம் மூன்றாம் பெஞ்சு. திருவிழாவில் வெடி போடும் நேரத்துக்கு முன் யாராவது வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். (நம் ஒலிபெருக்கிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.) வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர் சனிக்கிழமை மாலை அவரோடு நடக்கப் போகிறார்கள், அந்த இரண்டு மணி நேரம் மனைவிக்கு. அவர் அதில் பெரும்பாலும் தூங்குவதாகச் சொன்னார்.

கணக்கையும் மறுபடி எடுத்துப் பார்த்தோம். வெளியாள் ஒருவரை வைத்து மூன்று ஆண்டுக் கணக்குகளைச் சரிபார்த்ததில் ஒரு ரூபாய்கூட எங்கும் போகவில்லை, எழுதியதில்தான் பிழை. குடும்பத்தாரின் சம்மதத்தோடு ஞாயிறு அறிவிப்பில் அதை வாசித்தோம். அவர் உடல்நலம் காரணமாகப் பிழை நேர்ந்தது என்றும், விசாரிக்காமல் ஐயப்பட்டது பேரவையின் தவறு, பங்குத்தந்தையின் தவறு என்றும் வாசித்தோம். அவர் தூணோரம் உட்கார்ந்திருந்தார். அறிவிப்பு அவருக்கு எவ்வளவு புரிந்ததென்று சொல்ல முடியாது. அவர் மகன் தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தான். அப்போது அவனுக்கு வயது பதினேழு.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் போல அவர் காப்பி போட்டார். நோய் நின்றுவிடவில்லை. ஒரு தவக்காலத்தில் படங்களைப் பார்த்தும் கை நகராமல் நின்றுவிட்டார். தெரபிஸ்ட்டிடம் திரும்பப் போனார்கள். ஒன்பது படிகளை இரண்டாகக் குறைத்துக் கொடுத்தார். இப்போது காப்பி கலப்பது மகன். இரண்டு டம்ளர்களை எடுத்து வைப்பதும், ஒன்றை மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர். சில நாள் வழியில் நின்றுவிடுவார். மகன் பின்னாலேயே போய், கையைத் தொடாமல், "அம்மா அங்க இருக்காங்கப்பா" என்று மட்டும் சொல்வான்.